பறவை வயிற்றில் காசு!

பழைய காசு சேர்க்கும் பழக்கம் உங்களில் யாருக்காவது உண்டா, குட்டீஸ்? இருந்தால், இந்தச் செய்தி கட்டாயம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

2025ம் ஆண்டு நவம்பர் 12ந் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள நாணயச்சாலையில், மக்கள் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு அச்சடிக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் இதை, "பென்னி" என்பர். 1793ல் தொடங்கி, 232 ஆண்டுகள் ஓடிய காசு இது. ஏன் நிறுத்தினர் தெரியுமா? ஒரு சென்ட் மதிப்புள்ள காசைத் தயாரிக்க, 2024ம் நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. நம்மூரில், "சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்" என்பார்களே... அதே கதைதான்!

பத்திரிகைகள் எல்லாம் இதைப் பணச் செய்தியாகத்தான் எழுதின. ஆனால், பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு இந்தக் காசோடு பழைய பகை ஒன்று இருக்கிறது. அந்தப் பகை 1982ல் ஆரம்பித்தது.

அதுவரை, இந்தக் காசில் பெரும் பகுதி செம்பு. செம்பின் விலை ஏறியதும், 1982ல் உலோகத்தை மாற்றினர். உள்ளே 97.5 சதவீதம் துத்தநாகம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பார்த்தால் பழைய காசு போலவே இருக்கும். ஆனால், பூச்சு லேசாகக் கீறினால் போதும்... உள்ளே இருக்கும் துத்தநாகம் வெளியே தெரியும். சட்டைப் பையில் கிடக்கும் வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு வாத்தின் வயிற்றிலோ, நாயின் வயிற்றிலோ போய்விட்டால், இரைப்பையில் உள்ள அமிலம் துத்தநாகத்தைக் கரைத்து, ரத்தத்தில் சேர்த்துவிடும். அளவுக்கு மீறிய துத்தநாகம் விஷம்!

தீக்கோழி, வாத்து போன்ற பறவைகள், பளபளவென்று எது கிடைத்தாலும் முழுசாகவே விழுங்கிவிடும். மக்காவ், காக்கட்டூ போன்ற பெரிய வளர்ப்புக் கிளிகள், அலகால் சுரண்டிச் சுரண்டித் தின்னும். "ஆசையாக வளர்த்த கிளி, திடீரென்று சுருண்டு கிடக்கிறது டாக்டர்..." என்று தூக்கி வருவர். எக்ஸ்ரே எடுத்தால், வயிற்றில் ஓர் உலோகத் துண்டு!

பறவை ஏன் இதையெல்லாம் விழுங்குகிறது? விழுங்கியதை டாக்டர்கள் எப்படி எடுக்கின்றனர்? எடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழியா. வேறு வழி இல்லையா? இந்த மூன்று கேள்விகளையும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் ஓர் அம்மி!

வீட்டில் நாட்டுக்கோழி வாங்கிச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? உள்ளே உருண்டையாக, கெட்டியான சதை ஒன்று இருக்கும். சென்னைப் பக்கம் இதை, "மாங்காய்" என்பர். அதைக் கீறினால், மஞ்சள் தோலும், பொடிக் கற்களும் இருக்கும். "கோழிக்கு வயிற்றில் கல்லா?" என்று வியந்திருப்பீர்கள்.

பறவைகளுக்குப் பல் கிடையாது. மென்று தின்ன முடியாது. அதனால், அவற்றின் உடலில் சாப்பாடு மூன்று அறைகளைக் கடந்து போகிறது. கழுத்தின் அடியில் முதல் அறை. அதன் பெயர், தீனிப்பை. தின்றதைச் சேர்த்து வைத்து ஊற வைக்கும் கிடங்கு. இரண்டாவது அறையில் அமிலம் சுரக்கும். மூன்றாவதுதான் கெட்டியான சதைப் பை; அரைவைப்பை. தானியத்தை முழுசாக விழுங்கும் கோழி, புறா, வாத்து, அன்னம் போன்றவை, சின்னச் சின்னக் கற்களைத் தேடி விழுங்கி, இந்தப் பையில் வைத்துக்கொள்ளும். சதை இறுகி இறுகித் தளரும்போது, கற்கள் தானியத்தை அரைத்துவிடும். வயிற்றுக்குள் ஓர் அம்மி!

இப்போது புரிகிறதா? அன்னமும் வாத்தும் குளத்தின் அடியில் கல் தேடுகின்றன. அங்கே கிடக்கும் ஈயக்குண்டும் கல் போலவே இருக்கிறது. கிளிகளின் கதை வேறு. அவை விதையின் தோலை அலகால் உரித்துவிட்டு, பருப்பை மட்டும் தின்னும். அம்மிக்கல் அவற்றுக்குத் தேவையில்லை. ஆனால், கிளிக்கு அலகுதான் கை. நாம் ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பது போல, அது கடித்துப் பார்க்கும். காட்டில் இருந்தால், நாள் முழுதும் பழம், பட்டை, கொட்டை என்று கடிக்க ஆயிரம் இருக்கும். கூண்டில் என்ன இருக்கிறது? கம்பியும் பூட்டும்தான். பொழுது போகாத கிளி அதைக் கடிக்கிறது.

கல்லை அரைக்கும் அந்த அம்மியிலேயே உலோகத் துண்டும் மாட்டிக்கொள்ளும். அமிலத்தில் ஊறி, சதையில் தேய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். துத்தநாகமும், காரீயமும் இப்படித்தான் பறவையைக் கொல்கின்றன.

"ஈயச் சொம்பில் பாட்டி ரசம் வைக்கிறாரே..." என்று பயந்துவிடாதீர்கள். ஈயத்தில் இரண்டு வகை. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். தூண்டில் குண்டு, துப்பாக்கி ரவை, பழைய பெயின்ட் போன்றவற்றில் இருப்பது காரீயம். அதுதான் நஞ்சு.

வைத்தியம் மூன்று படி!

பறவைக்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். காட்டில், சோர்ந்து உட்காரும் பறவையைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும். அதனால், நோயை மறைப்பது பறவையின் பிறவிக் குணம். இறகைப் பந்து போல் உப்பிக்கொண்டு, கூண்டின் தரையில் அது உட்கார்ந்துவிட்டது என்றால், நோய் முற்றிவிட்டது என்று பொருள். தின்றதைக் கக்குவது, எச்சம் பச்சையாகப் போவது, கால் துவள்வது, வலிப்பு வருவது எல்லாம் உலோக விஷத்தின் அடையாளங்கள்.

டாக்டர் முதலில் எக்ஸ்ரே எடுப்பார். உலோகம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக்கும், நூலும், மரச் சில்லும் அப்படித் தெரியாது. அதற்கு, பேரியம் கலந்த திரவத்தைப் புகட்டி, அது எங்கே தடைபடுகிறது என்று படம் எடுத்துப் பார்ப்பர். ரத்தத்தில் எவ்வளவு காரீயம், எவ்வளவு துத்தநாகம் என்றும் சோதிப்பர்.

முதல் படி, மருந்து. கால்சியம் இ.டி.டி.ஏ., என்றொரு ஊசி மருந்து உண்டு. ரத்தத்தில் உள்ள உலோகத்தை இது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடலை விட்டு வெளியே கொண்டு போய்விடும். துண்டு சின்னதாக இருந்தால், எச்சத்தோடு தானாகவே வந்துவிடவும் கூடும்.

இரண்டாம் படி, கத்தி அதிகம் படாமல் எடுப்பது. வயிற்றில் வெதுவெதுப்பான நீரை விட்டுக் கழுவி எடுக்கலாம். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அதன் நுனியில் உள்ள குறட்டால் கவ்வி இழுக்கலாம். விழுங்கியது இரும்பாக இருந்தால், குழாயின் நுனியில் காந்தம் கட்டி எடுத்த டாக்டர்களும் உண்டு!

மூன்றாம் படிதான் ஆபரேஷன்.

இதிலும் எளிதானது, கடினமானது என்று இரண்டு வகை. பொருள் தீனிப்பையில் இருந்தால், ஓரளவு எளிது. அது தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. கையால் ஊட்டி வளர்க்கும் கிளிக்குஞ்சுகள், பசி வேகத்தில், கூழ் ஊட்டும் ரப்பர் குழாயையே சேர்த்து விழுங்கிவிடுவது உண்டு. தீனிப்பையைச் சிறிதாகக் கீறி, குழாயை எடுத்து, தைத்துவிடுவர்.

பொருள் அதையும் தாண்டி, இரண்டாவது, மூன்றாவது அறைக்குப் போய்விட்டால்தான் சிக்கல்.

ஆறு சொட்டு ரத்தம்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? நம்மூரில், "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லி விற்கும் பறவை, உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர். அதன் எடை சுமார் 30 கிராம். பறவையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ரத்தம். அப்படியானால், அதன் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 3 மில்லிதான்! அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை இழந்தால், ஆரோக்கியமான பறவை தாங்கிக்கொள்ளும். அதாவது, 0.3 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால், வெறும் 6 சொட்டு! ஏற்கனவே நோயால் வாடிய பறவைக்கு, அதுகூடத் தாங்காது. அதனால், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெட்டும்போதே ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்துவிடும் மின்கருவியால் ஆபரேஷன் செய்கின்றனர்.

அடுத்த சிக்கல், மூச்சு. நம் நுரையீரல் பலூன் போல விரிந்து சுருங்கும். பறவையின் நுரையீரல் அப்படி அல்ல. பெரும்பாலான பறவைகளுக்கு உடம்புக்குள் 9 காற்றுப் பைகள் இருக்கின்றன. அவைதான் துருத்தி போலக் காற்றைத் தள்ளும். வயிற்றைத் திறந்தால், இந்தப் பைகளும் திறந்துகொள்ளும். மயக்க மருந்துக் காற்று, அந்த வழியாகக் கசிந்துவிடும். பறவை பாதியில் விழித்துக்கொள்ளாமலும், ஒரேயடியாகத் தூங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள, ஒருவர் பக்கத்திலேயே இருப்பார்.

மூன்றாவது, சூடு. பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல். இறகைப் பிடுங்கி, வயிற்றைத் திறந்தால், அந்தச் சின்ன உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். அதனால், வெந்நீர்ப் பையோ, வெப்பக் காற்றோ வைத்துக்கொண்டே இருப்பர்.

நான்காவது, தையல். நம் வயிற்றுக்குள், குடலை மூடினாற் போல் கொழுப்புத் திரை ஒன்று உண்டு. தையல் போட்ட இடத்தில் அது ஒட்டிக்கொண்டு, கசிவை அடைக்கும். பறவைக்கு அந்தத் திரையே கிடையாது! இரண்டாவது அறையின் சுவரோ மெல்லியது, எளிதில் கிழியும். தையலில் ஊசிமுனை அளவு இடைவெளி விழுந்தாலும், உள்ளே உள்ளது கசிந்து, சீழ் பிடித்து, பறவை இறந்துவிடும்.

இத்தனையும் தாண்டித்தான், ஒரு கம்பித் துண்டை வெளியே எடுக்கின்றனர். அதனால்தான், நல்ல பறவை டாக்டர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்க மாட்டார். "இதற்கு ஆபரேஷன் தாங்குமா? மருந்திலேயே இரண்டு நாள் பார்க்கலாமா?" என்றுதான் முதலில் யோசிப்பார்.

"சந்தையில் வாங்கிய சின்னப் பறவைக்கு, அதன் விலையைப் போல பல மடங்கு செலவா? இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே!" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், குட்டீஸ். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு, அது உண்மையான கவலை. ஆனால், ஓர் உயிரைக் கூண்டில் வைத்துக்கொள்ள முடிவு செய்த அன்றே, அதன் வைத்தியச் செலவையும் நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இது!

915 காசு!

ஆபரேஷன் எப்போது வெல்லும், எப்போது தோற்கும்? இதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டுமே பறவைக் கதைகள் அல்ல; ஆனால், பாடம் ஒன்றுதான்.

தாய்லாந்தின் சோன்புரி பகுதியில், ஒரு குளத்தில், பச்சைக் கடலாமை ஒன்று இருந்தது. ஆமை மீது காசு எறிந்தால் ஆயுள் நீளும் என்பது அங்கே பலரது நம்பிக்கை. வந்தவர்கள் எல்லாம் காசை எறிந்தனர். ஆமை அதைத் தின்றது. வயிற்றின் பாரம் தாங்காமல், அதன் ஓடே விரிசல் விட்டது! 2017ம் ஆண்டு மார்ச் மாதம், பாங்காக்கில் உள்ள சூலாலங்கார்ன் பல்கலைக்கழக டாக்டர்கள், பல மணி நேரம் ஆபரேஷன் செய்து, 915 காசுகளை வெளியே எடுத்தனர். எடை சுமார் 5 கிலோ! மக்கள் அந்த ஆமைக்கு, "ஓம்சின்" என்று பெயர் வைத்தனர். தாய் மொழியில், "உண்டியல்" என்று அர்த்தம்.

உலகமே கைதட்டியது. ஆனால், இரண்டு வாரத்தில், மார்ச் 21ந் தேதி, ஓம்சின் இறந்துவிட்டது. காசில் இருந்த நிக்கல், ஏற்கனவே ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. டாக்டர்களின் கை தோற்கவில்லை, நேரம்தான் கடந்துவிட்டது.

இன்னொரு கதை, 2024ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்தது. அமெரிக்காவின் ஒமாஹா நகர மிருகக்காட்சி சாலையில், வெள்ளைத் தோல் முதலை ஒன்றுக்கு வழக்கமான பரிசோதனை செய்தனர். வயிற்றில் காசுகள் இருப்பது தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, வாயில் குழாய் வைத்து, கேமராவின் உதவியோடு 70 காசுகளை எடுத்தனர். முதலை பிழைத்துக்கொண்டது. நோய் வரும் முன்பே பரிசோதித்ததால் வந்த வெற்றி இது.

இரண்டு இடத்திலும் காசை எறிந்தது யார்? பார்க்க வந்த மனிதர்கள்! அப்படியானால், கத்திக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, இல்லையா?

அன்னங்களைக் காத்த சட்டம்!

இங்கிலாந்தின் ஆறுகளில், வெள்ளை வெளேர் என்று அன்னங்கள் நீந்தும். 1970களில், அவை கும்பல் கும்பலாகச் சாகத் தொடங்கின. கழுத்தை நேராக நிறுத்த முடியாமல், முதுகின் மேல் சாய்த்தபடி, பட்டினி கிடந்து செத்தன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சாவு! அறுத்துச் சோதித்தபோது, அரைவைப்பைக்குள் காரீயக் குண்டுகள் இருந்தன. தூண்டில் போடுபவர்கள், கயிறு நீரில் மூழ்குவதற்காகக் கட்டும் குண்டுகள்தான் அவை. அறுந்து விழுந்தவை ஆற்றின் அடியில் கிடந்தன. அன்னங்கள் அவற்றைக் கல் என்று நினைத்து விழுங்கின.

ஒவ்வோர் அன்னமாகப் பிடித்து வைத்தியம் பார்த்தவர்கள் இருந்தனர். ஆனால், இன்று ஓர் அன்னத்தைக் காப்பாற்றி ஆற்றில் விட்டால், நாளை அது வேறொரு குண்டை விழுங்கும். அதனால், 1987ம் ஆண்டு, 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரை எடையுள்ள காரீயத் தூண்டில் குண்டுகளை விற்கத் தடை வந்தது. டங்ஸ்டன் போன்ற வேறு பொருட்களில் குண்டுகள் செய்தனர். தூண்டில் போடும் பொழுதுபோக்கு அழியவில்லை; அன்னங்களின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது!

துப்பாக்கி ரவை விஷயத்திலும் இதுவே நடந்தது. நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவையை, 1991ல் அமெரிக்கா நாடு முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன், 2023ம் ஆண்டு பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் தடை செய்தது.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. கலிபோர்னியாவின் கான்டோர் என்ற பிரமாண்ட பிணந்தின்னிப் பறவையைப் பாருங்கள். 1982ல், உலகத்தில் மிஞ்சியவை 22 மட்டுமே! எஞ்சியவற்றை எல்லாம் 1987க்குள் பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டனர். இன்று மொத்தம் 500க்கு மேல் இருக்கின்றன. ஆனால், வேட்டைக்காரர்கள் சுட்டுப் போட்ட மிருகத்தின் உடலில் காரீயத் துணுக்குகள் இருக்கும். அதைத் தின்னும் கான்டோருக்கு விஷம் ஏறும். தாய்ப் பறவைகள், பாட்டில் மூடி, கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு போன்றவற்றைப் பொறுக்கி வந்து குஞ்சுக்கு ஊட்டிவிடுவதும் உண்டு. எலும்புத் துண்டு என்று நினைத்து ஊட்டுகின்றன போலும். அப்படி அடைத்துக்கொண்ட குஞ்சுகளுக்கு ஆபரேஷன் செய்து, மீண்டும் கூட்டில் கொண்டு போய் வைத்திருக்கின்றனர்!

கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டு, 2019ம் ஆண்டு ஜூலை 1ந் தேதி முதல், வேட்டையில் காரீயக் குண்டை முற்றிலும் தடை செய்தது. அரிசோனா மாநிலம் வேறு வழியில் போனது. தடை போடாமல், காரீயம் இல்லாத குண்டுகளை வேட்டைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, "இதைப் பயன்படுத்துங்கள்" என்று கேட்டுக்கொண்டது. பலரும் சம்மதித்தனர். ஆனாலும், இரண்டு இடங்களிலும் கான்டோர்களின் விஷச் சாவு அடியோடு நின்றுவிடவில்லை. எல்லோரும் கடைப்பிடிக்கும் வரை, மீதம் இருக்கும் ஒரே ஒரு குண்டு கூட ஒரு பறவையைக் கொல்லும்.

மீண்டும் காசுக்கு வருவோம்!

இப்போது அந்த அமெரிக்கக் காசுக்குத் திரும்புவோம். அன்னத்துக்காகப் போட்ட சட்டத்துக்கும், காசை நிறுத்திய முடிவுக்கும் என்ன வித்தியாசம்? இங்கிலாந்தில், பறவைகள் சாகின்றன என்பதற்காக முடிவு எடுத்தனர். அமெரிக்காவில், செலவு அதிகம் என்பதற்காக எடுத்தனர். பறவைக்குக் கிடைத்தது போனஸ்!

அதுவும் உடனே கிடைத்துவிடாது. புதிதாக அச்சடிப்பதுதான் நின்றது. பழைய காசுகள் செல்லாக்காசு ஆகவில்லை. சுமார் 30 ஆயிரம் கோடி பென்னிகள் புழக்கத்தில் இருப்பதாக அந்நாட்டு அரசு கணக்குச் சொல்கிறது. அவை, மேஜை டிராயரிலும், சோபா இடுக்கிலும், பூங்கா நீரூற்றிலும் கிடக்கின்றன. இங்கிலாந்தின் ஆற்று மணலில் பழைய ஈயக்குண்டுகள் இன்னும் புதைந்து கிடப்பது போலத்தான் இதுவும். நஞ்சைப் பரப்ப ஒரு நாள் போதும். அள்ள ஒரு தலைமுறை வேண்டும்.

அடுத்த நஞ்சும் வரிசையில் நிற்கிறது. அது, பிளாஸ்டிக். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் உள்ள கடற்பறவைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பிளாஸ்டிக் துண்டுகள் உரசி உரசி, வயிற்றுச் சுவரே தழும்பாகிவிடுவதைக் கண்டுபிடித்தனர். 2023ல், அந்த நோய்க்கு, "பிளாஸ்டிக்கோசிஸ்" என்று பெயர் வைத்தனர். பிளாஸ்டிக்கின் பெயரையே தாங்கிய ஒரு நோய்! நடுக்கடலில் பறக்கும் அந்தப் பறவைகளை எல்லாம், யார் ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிப் போவது?

ஆக, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கூண்டில் உள்ள ஒரு பறவைக்கு டாக்டரின் கத்தி உதவும். ஆற்றில், கடலில் உள்ள பறவைகளுக்கு, பொருளைத் தயாரிப்பவரும், விற்பவரும், வீசுபவரும் மாறினால்தான் விடிவு.

நம் வீட்டுக் கூண்டில்...

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது, 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்ஜரிகர், காக்கடீல் போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வளர்ப்பவர்கள், இன்றே கூண்டைப் பரிசோதியுங்கள்.

* கூண்டு ஜி.ஐ., கம்பியில் செய்ததா? அதன் மேல்பூச்சு துத்தநாகம். புதுக் கூண்டில், பூச்சு பொடிப்பொடியாக உதிரும். வினிகர் தொட்டு, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பறவையை விட வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல் கூண்டு இன்னும் நல்லது.

* ஊஞ்சல் கயிறு நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா? உடனே மாற்றுங்கள். தின்ற நூல், வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும்.

* மலிவு விலை மணி, கவரிங் நகை, ஜிப், பட்டன், ஸ்டேப்ளர் பின், உரிந்து வரும் பழைய பெயின்ட் எதுவும் அலகுக்கு எட்டக்கூடாது.

* கடிக்க ஏதாவது கொடுங்கள். வேப்பங்குச்சியோ, கொய்யாக் கிளையோ போதும். மருந்து அடிக்காத கிளையாகப் பார்த்து, கழுவிக் கட்டுங்கள். வேலை இருக்கும் அலகு கம்பியைத் தேடாது.

* சமையல் அறையில் உள்ள தராசில், வாரம் ஒருமுறை பறவையை எடை போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். இறகு உப்பி, குண்டாகத் தெரியும் பறவை கூட உள்ளே இளைத்திருக்கும். எடைதான் உண்மை சொல்லும்.

பறவை எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், எண்ணெய் ஊற்றாதீர்கள். கக்க வைக்க முயலாதீர்கள். வாயில் நூல் தொங்கினால், பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடல் அறுந்துவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், மெத்தென்று துணி விரித்து, கதகதப்பாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அது கடித்த பொருளின் மீதித் துண்டையும், எச்சம் விழுந்த காகிதத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேவுக்கு முன்பே டாக்டருக்கு அவை பாதி விடை சொல்லிவிடும். "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஓம்சின் ஆமையின் கதை நினைவிருக்கட்டும்.

கூண்டு இல்லாத குட்டீசுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை மிருகக்காட்சி சாலைக்கோ, குளக்கரைக்கோ போகும்போது, பக்கத்தில் யாராவது தண்ணீரில் காசு எறிவதைப் பார்த்தால், "அங்கிள், போடாதீங்க... அது ஆமை வயித்துக்குள்ள போயிடும்!" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே, காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.